இரண்டு லோடு சேறு

தொட்டியில் இருந்தவை எல்லாம் செத்துப்போயிருந்தன. ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் நாலாவது தடவை பார்த்தும், ஓடுவது, நெளிவது, உருளுவது என்று ஒன்றுமே கண்ணில் படவில்லை. கழிவுநீர் நிலையத்தின் பொறுப்பாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். கொன்றது வேறு யாருமல்ல, அவளேதான்.

ஊர் குளித்துக் கழுவி அனுப்புகிற தண்ணீரை இயந்திரம் சுத்தம் செய்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இயந்திரம் காற்றை ஊதும், அவ்வளவுதான். அழுக்கைத் தின்பவை பாக்டீரியாக்கள். சிதறித் திரியும் பாக்டீரியாக்களைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை அவற்றைவிடப் பெரிய ஒரு செல் உயிர்கள். உட்கரு இல்லாதவை ஒரு வகை, இருப்பவை இன்னொரு வகை என்று பாடப்புத்தகம் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும். தொட்டிக்குள் எல்லாம் ஒரே குடித்தனம்.

போன வாரம் இழை இழையாக வளரும் பாக்டீரியாக்கள் பெருகி, இந்த உயிர்களெல்லாம் திரண்ட சேறு அடியில் படியாமல் மிதந்தது. அவற்றை மட்டும் ஒழிக்கலாமென்று முந்தாநாள் அளந்து குளோரின் விட்டாள். அளந்ததெல்லாம் சரிதான், குழாயை மூட மறந்துவிட்டாள். கெட்டதோடு நல்லதும் போய்ச் சேர்ந்தது. வருகிற கழிவுநீரைத் தேக்கி வைக்க இன்னும் மூன்று நாளுக்குத்தான் இடம் இருந்தது. அதற்குள் தொட்டிக்கு உயிர் வராவிட்டால் அத்தனையும் ஆற்றில் கலக்கும். கீழே நாலு ஊர் அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

நகரத்தின் மறுகோடியில் இருந்த நிலையத்தில் உயிருள்ள சேறு வாங்கி ஊற்றுவது ஒன்றே வழி. அங்கே பொறுப்பில் இருப்பவன் அவளுடைய சொந்த அண்ணன். ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. இருவரும் இங்கே ஒன்றாக வேலை பார்த்தபோது பதவி தங்கைக்குப் போனது. "இவளுக்கு மைக்ராஸ்கோப்புல பாக்கத்தான் தெரியும், தொட்டியப் பாத்துக்கத் தெரியாது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, மாற்றல் வாங்கிக்கொண்டு போனவன். அவன் வாக்கு இப்படிப் பலித்துவிட்டதே என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஃபோன் போட்டாள்.

"அண்ணா, நான்தான். குளோரின் அதிகமாயிடுச்சு. என் தப்புதான். எல்லாம் போச்சு."

அந்தப் பழைய வார்த்தை வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"குளோரின் வாடை போயிடுச்சா, இன்னும் இருக்கா?"

"போயிடுச்சு. ரெண்டு நாளா காத்து ஊதிட்டேதான் இருக்கேன்."

"ரெண்டு லோடு கொண்டு வர்றேன். நீ மொதல்ல ஏதாவது சாப்பிடு."

மதியத்துக்கு முன்பே இரண்டு லாரியும் வந்துவிட்டன. வழியில் சேறு மூச்சு முட்டிப்போகக் கூடாதென்று டாங்கிக்குள் காற்றுக்குழாய் விட்டிருந்தான். "மூணு எடத்துல நிறுத்தி மேல ஏறிப் பாத்தாருங்க. பச்சக் கொழந்தயக் கொண்டுவந்த மாதிரி இருந்துச்சு" என்று முன்லாரி ஓட்டுநர் அலுத்துக்கொண்டார். குழாயிலிருந்து பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று சேறு இறங்கியது. சாக்கடைச் சேற்றைப் பார்த்துக் கண் கலங்கியவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். இவன் என் கூடப் பிறந்தவன் என்று உரக்கச் சொல்லவேண்டும்போல் இருந்தது. அவனோ சட்டையெல்லாம் சேறாக நின்று வால்வைத் திருகிக்கொண்டிருந்தான். அந்தப் பழைய வார்த்தையைக் கடைசிவரை எடுக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தாள். காம்பு ஊன்றி நிற்கும் ஒரு செல் உயிர்கள் சில உண்டு. இடம் ஒத்துக்கொள்ளாவிட்டால் காம்பை விட்டுவிட்டு நீந்திப் போய்விடும்; ஊன்றி நின்றால் தொட்டி பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஃபோனை எடுத்தாள்.

"அண்ணா, காம்போட நிக்குது!"

"எத்தன? எண்ணு."

ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வாய்விட்டு எண்ணினாள். பதினாலுக்கு வந்தபோது ஒன்று வெடுக்கென்று சுருங்கிக்கொண்டது, கணக்குத் தவறிப்போனது.

"விட்டுட்டேண்ணா."

அங்கே யாரோ அவனை அவசரமாகக் கூப்பிட்டார்கள். "இருங்க, தங்கச்சி பேசுது" என்றான் அவர்களிடம். பிறகு இவளிடம், "மொதல்லேர்ந்து எண்ணு" என்றான்.

"ஒண்ணு" என்றாள். கண்ணில் நீர் நிறைந்து நுண்ணோக்கியின் வட்டம் முழுக்கக் கலங்கித் தெரிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். "ரெண்டு..."