வரிசையில வாங்க

மூன்று பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேலே வாசித்தார் அவர். கட்டிலில் கண் மூடிப் படுத்திருந்த மனைவியின் புருவம் சுருங்கியது.

"வரிசையில வாங்க."

"வரிசையிலதானே வரேன்."

"அவன் கைக்கட்டு எப்ப அவுந்துச்சு? இப்பத்தானே கட்டினா. மேல விரல் படாம, ரெண்டு குச்சிய வச்சு."

மாட்டிக்கொண்டார். முப்பத்து மூன்று வருஷம் பேருந்து நிலைய முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்தவள் அவள். மந்திரியின் மச்சானே வந்து நின்றாலும் வரிசை தாண்ட விடமாட்டாள். அவளிடம் போய்ப் பக்கம் தாண்டினால் நடக்குமா?

தலையணை கனத்தில் ஆறு பாகம், அந்த மாயக்கதை. மலைக்கோட்டைக் காவலன் ஒருவன், மழையை அழைக்கிற பெண் ஒருத்தி. அவளைத் தொட்டால் நாட்டில் மழை நின்றுபோகும் என்று ஒரு சாபம். ஐந்து பாகமும் இரண்டு பேரும் 'நீங்கள்', 'நீங்கள்' என்று மரியாதை குறையாமல் பேசிக்கொண்டு, ஒருவர் நிழலை ஒருவர் மிதிக்காமல் நடந்தார்கள். மூன்றாம் பாகத்தில் அவன் அவளுடைய நனைந்த போர்வையை நெருப்பில் காட்டி உலர்த்திக் கொடுத்தான். அதை மனைவி ஒரு வாரம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அவர் லிப்ட் மெக்கானிக். "உன் கதை ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிப்ட், கவுண்டரம்மா. மேலயும் போகல, கீழயும் வரல" என்று அப்போதெல்லாம் கிண்டல் செய்வார்.

"உள்ள மாட்டிக்கிட்ட ரெண்டு பேரைக் கேட்டுப் பாருங்க. அவங்களுக்கு ஒரு அவசரமும் இருக்காது."

"அப்படி என்னதான் இருக்கு அதுல?"

"தொட்டுட்டா அப்புறம் வெறும் தொடுறதுதானே. தொடாத வரைக்கும், அவ தோள்ல ஒரு இலை விழுந்தாக்கூட எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. என்னிக்காவது அவனை வாய் தவறி 'நீ'ன்னுடுவா, பாத்துக்கிட்டே இருங்க. அதுக்குத்தான் இருக்கேன்."

கல்யாணமான புதிதில் அவரும் கேட்டதுண்டு, தனியாக இருக்கும்போதாவது 'நீ' என்று கூப்பிடச் சொல்லி. "வரும்போது வரும்" என்று சிரித்தாள். அப்புறம் மகள் பிறந்தாள், வேலை, வீடு என்று நாள் ஓடியது. கேட்டதையே அவர் மறந்துபோனார்.

இனி இங்கே வைத்து ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பி ஒன்பது நாள். காலையில் வந்த நர்ஸ் அவரை வாசல் பக்கம் கூப்பிட்டு, "இன்னிக்குத் தாண்டுறதே பெரிசு, ஐயா. பொண்ணை வரச் சொல்லிடுங்க" என்றாள். மகள் வண்டியில் வந்துகொண்டிருந்தாள். ஆறாம் பாகத்தில் இன்னும் நூற்று அறுபது பக்கம் இருந்தது. சமையலறையில் நின்று திருட்டுத்தனமாகப் புரட்டிப் பார்த்திருந்தார். ஐந்நூற்று எண்பதாம் பக்கத்தில் இருந்தது அந்த 'நீ'. எப்பாடு பட்டாவது அதை அவள் காதில் போட்டுவிட வேண்டும். வேறென்ன செய்வார் பாவம்?

"கடைசியில என்ன ஆச்சுன்னு சொல்லிடட்டுமா?"

"குறுக்க வந்தவங்களுக்கு..." மூச்சு வாங்கினாள். "நான் என்னிக்காவது டிக்கெட் குடுத்திருக்கேனா?"

விட்ட பக்கங்களுக்கே திரும்பிப் போனார். குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள். மூடுபனியில் வழி தவறினார்கள். ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். கட்டில் காலில் கிடந்த வெயில் சுவரில் ஏறியது. இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கண்ணு வலிக்கலையா உனக்கு?"

வாசிப்பு நின்றது. புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அவள் கண்ணைத் திறக்கவில்லை. 'என்ன சொன்னே?' என்று கேட்க வாயெடுத்தார். கேட்டால் திருத்திச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"இல்ல" என்றார். "வலிக்கல."

"அப்போ படி."

படித்தார்.

எந்த வரியோடு அவள் கேட்பதை நிறுத்தினாள் என்று அவருக்குத் தெரியாது. மகள் தோள்பையைக்கூட இறக்காமல் வந்து, அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். "அப்பா... போதும்ப்பா" என்று அவள் சொன்னபோது, காவலன் தொங்கு பாலத்தில் பாதி தூரம் வந்திருந்தான்.

சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். நாற்காலி போட இடம் பண்ணிய எதிர்வீட்டு அம்மாள், கட்டிலோரம் இருந்த புத்தகத்தை எடுக்கக் கை நீட்டினாள். அவர் முந்திக்கொண்டார்.

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "அம்மா கடைசியா ஏதாவது சொன்னாங்களாப்பா?"

மடியிலிருந்த புத்தகத்தை நேராக வைத்துக்கொண்டார்.

"படிக்கச் சொன்னா."

மகள் எழுந்து போனதும் வாசிப்பு நின்ற இடத்தைத் தேடி எடுத்தார். பாலத்தின் நடுவில் காவலன் திரும்பிப் பார்த்தான். 'நீங்கள் களைத்துவிட்டீர்களா?' என்று கேட்டான். 'இல்லை. நீங்கள்?' என்றாள் மழையை அழைக்கிறவள்.

தலையணைக்கு அடியில், மனைவி பக்கத்துக்கு அடையாளம் வைக்கிற அட்டை இருந்தது. என்றைக்கோ அவருடைய வேலைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டது, ஆறு பாகத்துக்கும் அதுதான். பழுது பார்க்கும்போது லிப்ட் கதவில் மாட்டுகிற அட்டை. 'வேலை நடக்கிறது' என்ற சிவப்பு எழுத்து பாதி அழிந்திருந்தது. அதை அந்தப் பக்கத்தில் வைத்து, ஓரம் மடங்காமல் மெதுவாகப் புத்தகத்தை மூடினார்.