கதவு மூடியிருக்கு என்று எழுத மாட்டேன்

அட்டைப்பெட்டி வெட்டும் இயந்திரம் காலையிலிருந்தே மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. கத்தி இறங்கப் போகும், சட்டென்று நின்றுவிடும். நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடும் ஆபரேட்டர் மறுபடி பொத்தானை அழுத்துவான். நாலு பெட்டி வரும், மறுபடி நிற்கும்.

பொறுமையிழந்த முதலாளி மருமகளைக் கூப்பிட்டார். அந்த இயந்திரத்தை ஆட்டிவைக்கும் சின்னக் கணினிக்கு, பி.எல்.சி.க்கு, புரோகிராம் எழுதியவள் அவள்தான்.

லேப்டாப்பை மாட்டிப் பார்த்தாள். "கத்திக்கு முன்னாடி இருக்கிற கதவு திறந்திருக்குன்னு சுவிட்ச் சொல்லுது, மாமா."

"மூடித்தானே இருக்கு? உன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"அதுக்குக் கண்ணே கிடையாது. ஒயர்ல வர்றதுதான் தெரியும். கதவு மூடியிருக்கா, பொத்தான் அழுத்தியாச்சான்னு ஓயாம கேட்டுக்கிட்டே இருக்கும். எல்லாத்துக்கும் ஆமான்னு வந்தாத்தான் கத்தியை இறக்கும்."

"அப்போ கதவு எப்பவும் மூடியிருக்குன்னு நீயே எழுதிடு. சாயங்காலம் லாரி வருது."

"எழுத மாட்டேன்."

பட்டறையே திரும்பிப் பார்த்தது. அவரிடம் அப்படி வீட்டில்கூட யாரும் பேசியதில்லை.

"இன்னைக்கு மட்டும்தாம்மா."

"இன்னைக்குத்தான் சிக்கின அட்டையை எடுக்க ஆபரேட்டர் கையை விடுவார். கதவு திறந்திருந்தாலும் கத்தி இறங்கும். என் புரோகிராம் யார் விரலையும் வாங்காது."

"நீ இல்லைன்னா வேற ஆளே கிடைக்காதா?" அவர் போனை எடுத்தார்.

அவள் மெயின் சுவிட்சை அணைத்து, யாரும் மறுபடி போட முடியாதபடி பையிலிருந்த தன் பூட்டை அதில் மாட்டிச் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். குரல் பிசகவில்லை. "யாரை வேணா கூப்பிடுங்க. பூட்டை உடைச்சிட்டு எழுதச் சொல்லுங்க."

நெட்டையன் கையுறையைக் கழற்றி மேசையில் போட்டான். "அப்படி எழுதினா நான் ஓட்ட மாட்டேன், முதலாளி. சம்பளத்தை எண்ணி வாங்கவாவது விரல் வேணுமே."

யாரோ சிரித்தார்கள். அவர் விறுவிறுவென்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் தரையில் படுத்து டார்ச் அடித்துத் தேடினாள். சுவிட்சைத் தாங்கும் தகடு அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விட்டிருந்தது; கதவு மூடியிருந்தும் சுவிட்ச் அவ்வப்போது விலகிப்போனது அதனால்தான். மாற்ற மதியம் ஆகிவிட்டது. பூட்டைத் திறந்தபின் இயந்திரம் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆனாலும் லாரி பாதிச் சரக்கோடுதான் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் மனைவியிடம் பொரிந்து தள்ளினார். "உன் மருமகளுக்கு ரொம்பத்தான் வாய் நீண்டுபோச்சு!"

"ஆமாம் அத்தை," என்றபடி அவள் தனக்குச் சோறு போட்டுக்கொண்டு அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள். "நாளைக்கு மத்த மெஷின்களோட கதவையும் பார்க்கப் போறேன். கதவு திறந்திருந்தாலும் ஓடுற மாதிரி எதுலயாவது சுவிட்சைக் கட்டி வச்சிருந்தா, அதுக்கும் பூட்டுத்தான்."