எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்

குளிர்பெட்டியைத் தூக்கி வந்தவர்கள், தெருவில் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். குறுக்கே கிடந்தது ஒற்றைப் பலகை. அதுவும் நடுவில் தொய்ந்திருந்தது. ஆள் நடக்கலாம், பெட்டியோடு நடந்தால் பெட்டியும் ஆளும் சேர்ந்து உள்ளே போக வேண்டியதுதான். எதிர்வீட்டு அக்கா தன் வாசலில் கிடந்த பலகையை இழுத்து வந்து பக்கத்தில் போட்டாள். இரண்டு பேர் பள்ளத்துக்குள் இறங்கி, பெட்டியைத் தலைக்கு மேல் தாங்கிக் கைமாற்றிவிட்டார்கள். மகள் வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்த மனுஷனுக்கு ஒரு பெட்டி வந்து சேர்வதற்குக்கூட இந்தத் தெருவில் இத்தனை பாடா என்று நினைத்தபோது, அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அப்பா விடியும் நேரத்தில் போய்விட்டார். அத்தை ரயிலில் வந்துகொண்டிருந்தாள். அண்ணன் முகத்தை அவள் பார்த்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும்தான் பெட்டி.

அப்பா நகரசபை மெம்பர். ஊருக்குள் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'வரிசை' என்று கேட்டால் பால்காரரிலிருந்து எல்லாரும் கூட்டிவந்து வீட்டைக் காட்டுவார்கள். எந்தத் தெருவுக்கு விளக்கு, எந்தத் தெருவுக்குச் சாக்கடை என்று கூட்டத்தில் பேச்சு வந்தாலும், வரிசைப்படி வாங்க என்று எழுந்து நின்றுவிடுவார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. முடிவெட்டிக்கொள்ளப் போனால்கூட, வரிசை வந்தாச்சு, எல்லாரும் ஒழுங்கா உக்காருங்க என்று கடைக்காரர் சத்தம் போடுவாராம். அப்பா சிரித்துக்கொண்டே கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வார்.

அந்த வரிசையில் தன் தெருவைக் கடைசியில் போட்டவரும் அவர்தான். மெம்பர் வீட்டுக்கு முதலில் குழாய் வந்தால் ஊர் காறித் துப்பும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஆனால் கடைசி என்பது ஓரிடத்தில் நிற்கிற சமாச்சாரமா? ஊர் வளர்ந்தது. புதுத் தெருக்கள் முளைத்தன. ஒவ்வொன்றும் வந்து இவர்கள் தெருவுக்கு முன்னால் நின்றுகொண்டது. அப்பா அதற்கும் சரி சொன்னார். பள்ளிக்கூடம் போகிற வயதில் தெருமுனைக் குழாயில் குடம் வைத்த மகள், தலையில் நரை தெரிகிற இந்த வயதிலும் அதே குழாயில்தான் வைக்கிறாள். அம்மா ஒரு மழைக்காலத்தில் குடத்தோடு சேற்றில் சறுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். அன்றையிலிருந்து சுவரைப் பிடித்துத்தான் நடை. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்தது நம்ம தெருதான் என்று அப்பா ஆறுதல் சொன்னார். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மகளுக்கு அன்று அப்பாவைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது.

ஒருவழியாக, முன்னால் நிற்க வேறு தெருவே இல்லாமல் போய், போன வாரம் மண் தோண்டும் இயந்திரம் வந்து சேர்ந்தது. அப்பா கல்யாண வீட்டுக்காரர் மாதிரி ஆகிவிட்டார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் பள்ளத்தின் ஆழத்தைப் பற்றிப் பேசினார். எதிர்வீட்டு அக்கா லாட்ஜ் துணி துவைத்துப் பிழைப்பவள். குழாய் வரப் போகிறதென்று கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டியே கட்டிவிட்டாள். தொட்டிக்குத் தண்ணீர் வர்ற அன்னிக்கு உன் கையாலதான் திறக்கணும் மாமா என்று அப்பாவிடம் சொல்லியும் வைத்திருந்தாள். அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

இன்று விடிகிற நேரத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வந்தது, தெருமுனையோடு நின்றுவிட்டது. தோண்டிய மண் மொத்தமும் இவர்கள் வீட்டுப் பக்கம் குவிந்து கிடந்ததால், பள்ளத்தைத் தாண்டி எதிர்ப் பக்கமாகத்தான் தெருமுனைக்கு நடக்க முடியும். அக்காவின் வீட்டுக்காரரும் குழாய் வேலையாட்களில் ஒருவரும் அப்பாவை அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். மகள் பின்னால் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள். பலகை மேல் வந்தபோது அக்காவின் வீட்டுக்காரருக்குக் கால் இடறி, ஒரு கால் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. நாற்காலி ஒருபக்கமாகச் சாய்ந்தது. அப்பா கண்ணைத் திறந்தார்.

"பாத்துப்பா," என்றார். "குழாயை மிதிச்சிடாதீங்க."

அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் கதவைத் திறப்பதற்குள் தலை தொங்கிவிட்டது. போன வழியிலேயே, அதே நாற்காலியில், அதே பலகை மேல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை யாரும் இடறவில்லை.

அந்த வார்த்தைதான் காலையிலிருந்து மகளின் காதில் நின்றது. அம்மாவைப் பற்றி ஒன்று கேட்கவில்லை. கூடவே வந்தவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி மூச்சிலும் குழாய். ஒரு மனுஷன் வீட்டாருக்கென்று ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்காமல் போவானா? அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. பெட்டிக்குள் கண்ணாடிக்குக் கீழே சாதுவாகப் படுத்திருந்தவரிடம் அந்த ஆத்திரத்தைக் காட்டவும் வழியில்லை.

வெயில் ஏறிய பிறகு நகரசபைத் தலைவர் வந்தார். பலகையில் கையை விரித்து விரித்து நடந்து வந்தார். பருத்த ஆள். கூட்டங்களில் அப்பாவும் அவரும் கீரியும் பாம்பும்தான் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் பெட்டிக்கு முன்னால் வந்ததும் மனுஷன் உடைந்துவிட்டார். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். இனிமே யார் என்னோட சண்டை போடுவா என்று அம்மாவிடம் கேட்டார். காலையிலிருந்தே அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு மகளைப் பார்த்து, "கடைசியா ஏதாச்சும் சொன்னாராம்மா?" என்று கேட்டார்.

வாசலில் நின்றிருந்த அக்காவின் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய ஒரு கால் முழங்கால் வரைக்கும் காய்ந்த சேறாக இருந்தது. இன்னும் கழுவியிருக்கவில்லை.

"ஒண்ணும் சொல்லல," என்றாள் மகள்.

அக்காவின் வீட்டுக்காரர் தலை குனிந்துகொண்டார்.

மயானத்துக்குப் போகிற வண்டி எங்கே வரும் என்று தலைவர் விசாரித்தார். தெருமுனையில்தான் நிற்கும், அதுவரை தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். தலைவருக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் ஊருக்கு உழைத்தவரை மூட்டை மாதிரிப் பலகை மேல் தூக்கிக்கொண்டு போவதா என்று எழுந்துவிட்டார். குழாய் மேஸ்திரியைக் கூப்பிட்டு, பள்ளத்தை உடனே மூடச் சொன்னார்.

மேஸ்திரி கையைப் பிசைந்தார். குழாயைப் போட்டுத்தான் வைத்திருக்கிறது, மூட்டு ஒன்றுகூட இன்னும் ஒட்டவில்லை என்றார். மண் உள்ளே இறங்கிவிட்டால் மறுபடியும் தோண்டி, எல்லாவற்றையும் கழற்றிக் கழுவித்தான் போட வேண்டும். இயந்திரம் நாளைக்கே அடுத்த ஊர் வேலைக்குப் போகிறது. அதற்குப் பிறகு மழை. மழையில் இந்தத் தெருவில் கால் வைக்க முடியாது. திரும்ப எப்போது வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"மழை முடிஞ்சு போட்டுக்கலாம்யா," என்றார் தலைவர். "தெரு எங்கயும் ஓடிடாது. மனுஷன் போறது ஒரு தடவைதான்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு மகளிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. உன் வார்த்தைதான். அவருக்குன்னு நாங்க ஒண்ணுமே செஞ்சதில்ல. இதையாவது செய்ய விடு."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மேஸ்திரி சொன்னது அவளுக்குப் புரியாமல் இல்லை. இன்னொரு மழைக்காலம் என்றால் என்ன என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் கண்ணை மூடினால் அந்த நாற்காலி ஒருபக்கமாகச் சாய்ந்தது. அப்பாவின் செருப்பில்லாத கால் காற்றில் ஆடியது. இன்னொரு தடவை அவரை அந்தப் பலகை மேல் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அதோடு இன்னொன்றும் உள்ளே இருந்தது. வாழ்நாளெல்லாம் எல்லாரையும் முன்னால் விட்டவர், ஒரு நாளாவது ஊர் அவருக்கு வழி விடட்டுமே.

"மூடுங்க," என்றாள்.

தலைவர் வாசலுக்குப் போனார். தெரு ஜனங்கள் பள்ளத்தின் அந்தக் கரையில் கூடி நின்றிருந்தார்கள். இத்தனை வருஷமாகக் கூட்டம் நடத்தின வாய். அது பழக்கதோஷத்தில் தன் பாட்டுக்குப் பேசியது. பள்ளத்தை மூடப்போகும் விவரத்தை எடுத்துச் சொல்லிவிட்டு, "எதிர்க்கறவங்க கை தூக்கலாம்," என்றார்.

ஒரு கையும் எழவில்லை. சாவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, செத்தவருக்கு வண்டி வேண்டாம் என்று எவள் கை தூக்குவாள்? எதிர்வீட்டு அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். இரண்டு கையும் முந்தானையிலேயே இருந்தன. நகரசபையில் கை எழாவிட்டால் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று அர்த்தம். அந்த மாதிரி நேரங்களில் அப்பா ஒருவர்தான் தனியாகக் கை தூக்குவார், எல்லாரும் சலித்துக்கொள்வார்கள். மகள் தன்னையறியாமல் உள்ளே திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் கைகளை மார்பின் மேல் சேர்த்து வைத்திருந்தார்கள்.

"சரி, ஆகட்டும்," என்றார் தலைவர்.

இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. முதலில் விழுந்த மண் குழாய் மேல் திம் திம்மென்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்று, மண் மேல் மண் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

உள்ளே அம்மா அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"என்னடி சத்தம்?"

"பள்ளத்தை மூடறாங்கம்மா. வண்டி வாசலுக்கு வரணும்ல."

"யாரு மூடச் சொன்னது?"

"நான்தான்."

அம்மா பெட்டியின் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பனி படிந்திருந்த இடம் தெளிந்தது.

"உங்கப்பாகிட்ட கேட்டியா?" என்றாள்.

மகள் சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே செய்ய வேலை எதுவும் இல்லை. தண்ணீர்ப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தாள். பாதிக்குக் கீழே இருந்தது. மூடிவைத்தாள்.

அத்தை வந்து அழுது தீர்த்ததும் எடுத்தார்கள். வண்டி வாசலுக்கே வந்தது. பின்பக்கமாக வந்து, வாசற்படியை உரசுகிற மாதிரி நின்றது. ஒரு குலுக்கல் இல்லாமல் அப்பாவை ஏற்றினார்கள். நகரசபையிலிருந்து எல்லா மெம்பர்களும் வந்திருந்தார்கள். தெருவில் இருப்பவர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் நடந்தார்கள். ராஜா மாதிரி வாசலிலிருந்து போனார் என்று அத்தையிடம் தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார். மகளுக்கு அதைக் கேட்க நிறைவாகத்தான் இருந்தது. அப்போதுதான் அவள் நன்றாக அழுதாள்.

மயானத்திலிருந்து திரும்பும்போது தெருமுனையில் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. எதிரே மண் தோண்டும் இயந்திரத்தை ஒரு லாரியில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். லாரி நகர்ந்து வழிவிட்ட பிறகு உள்ளே போனார்கள். அக்கா வீட்டு வாசலில் இரண்டு பலகைகளையும் கழுவிச் சுவரில் சாத்தி வைத்திருந்தது.

மறுநாள் காலையில் வீடு நிறைய ஆட்கள். குளிக்கவும் குடிக்கவும் தண்ணீர் வேண்டும். அம்மாவுக்கு வெந்நீர் வைக்கக்கூட இல்லை. மகள் குடங்களை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனாள்.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. குடங்கள் வரிசையாக நின்றன. பெண்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தவர்கள் அவளைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா லாட்ஜ் துணி மூட்டையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, குழாய்க்கு அடியில் பெரிய அண்டாவை வைத்திருந்தாள். தூங்காத முகம்.

மகள் போய்க் கடைசிக் குடத்துக்குப் பின்னால் நின்றாள்.

"அக்கா," என்றாள். "அப்பா கடைசியா ஒண்ணு சொன்னாரு."

"தெரியும்," என்றாள் அக்கா. "எங்க வீட்டுக்காரரு ராத்திரி சொன்னாரு."

பாதி நிறைந்த அண்டாவை இழுத்துத் தள்ளிவிட்டு, வந்து மகளின் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு போய்க் குழாய்க்கு அடியில் வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் அவரவர் குடத்தைக் காலால் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்கள். குடம் நிரம்புகிறவரை எல்லாரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிரம்பியதும் அக்காவே தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள். மகள் வீட்டைப் பார்த்து நடந்தாள். மூடிய மண் மேல் நேற்று அத்தனை பேர் நடந்து நடந்து, தெரு இறுகிச் சமமாகியிருந்தது. குடத்திலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தளும்பவில்லை.