முத்துராணி எழுதிய புருஷன்

பாளையங்கோட்டையில் மாதம் இரண்டு சனிக்கிழமை கூடும் அந்தப் பெண்கள் கூட்டத்தில், மணிராஜைப் போலக் கொடுமைக்காரப் புருஷன் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. கீமோ ஏற்றிய அன்றைக்குப் பெண்டாட்டியைப் பேருந்து நிலையத்தில் உட்கார வைத்துவிட்டுச் சீட்டாடப் போனவன் அவன். அவளுக்கு முடி கொட்டியபோது, “சோத்துல முடி கெடக்குன்னு இனிமே சண்டை வராது” என்று சிரித்தவன். உளுந்தஞ்சோற்றில் உப்புக் குறைந்ததற்காகத் தட்டை முற்றத்தில் எறிந்தவன். தொந்தி வேறு. ஐந்து மாதமாக முத்துராணி அவனைப் பற்றிக் கூட்டத்துக்கு ஒரு பக்கம் எழுதி வந்து வாசித்தாள். கேட்டவர்கள் பல்லைக் கடித்தார்கள்.

அதில் ஒரு வரிகூட உண்மையில்லை. அது முத்துராணிக்கு மட்டும்தான் தெரியும்.

கூட்டத்தை ஆரம்பித்தவள் டார்லின். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள். இருபத்தேழு வயதிலேயே மார்பில் புற்றுநோய் வந்து மீண்டவள். தன்னைப் போல நாற்பது வயதுக்குள் அந்த நோயைக் கடந்த ஆறு பேரைச் சேர்த்து, ஒரு வாசகசாலையின் மாடியில் உட்கார வைத்தாள். “நடந்ததுல ஏதாவது ஒரு நாள எழுதுங்க. எழுத வராதவங்க சொல்லுங்க. ஒண்ணும் தோணலன்னா சும்மா கேளுங்க” என்றாள். அவ்வளவுதான் விதி.

முத்துராணிக்கு முப்பத்துமூன்று வயது. கொக்கிரகுளத்தில் ஒரு தட்டச்சுக் கடையில் வேலை. முதல் நாள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு உண்மையிலேயே ஒரு மனக்குறை இருந்தது. ஆனால், ‘என் வீட்டுக்காரர் ரொம்ப நல்லவராக இருக்கிறார், தாங்க முடியவில்லை’ என்று எழுதினால் யார் சிரிக்காமல் இருப்பார்கள்? பக்கத்தில் மேலப்பாளையம் ஷம்ஸியா, கீமோ நாட்களில் கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாமல் போனதை எழுதிக்கொண்டிருந்தாள். அதற்குப் பக்கத்தில் வைத்து எழுதக்கூடிய குறையா இது? ‘அன்றைக்கு அவன் வரவில்லை’ என்று சும்மா ஒரு வரி எழுதினாள். பேனா அதற்குமேல் தானாக ஓடியது.

நிஜ மணிராஜ், திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகும் தனியார் பேருந்தில் கண்டக்டர். அவன் “சேரமாதேவி, வீரவநல்லூர், அம்பை!” என்று கூவினால் பேருந்து நிலையத்துக்கு வெளியே நிற்கிறவனும் ஓடி வந்து ஏறுவான். அதே தொண்டையில்தான் கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டியோடு சண்டை போட்டான். அவளும் சளைத்தவள் இல்லை. பேட்டையில் அவர்கள் தெருவில், விடிந்து இவர்கள் சத்தம் கேட்டபிறகுதான் பலர் பல் விளக்கவே போவார்கள்.

நோய் என்று தெரிந்த அன்றோடு அந்தச் சத்தம் நின்றது. அறுவை முடிந்து, கீமோவும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்து, போன முடி சுருட்டையாகத் திரும்ப வந்து, “எல்லா வேலையும் செய்யலாம்மா” என்று டாக்டரே சொல்லி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மணிராஜ் மட்டும் இன்னும் வீட்டில் ரகசியம் பேசுகிறவனைப் போலத்தான் பேசினான். “மெதுவா, பைய எந்திரி.” “பைய நட.” “குடத்த வச்சிரு, நான் எடுக்கேன்.” எது சொன்னாலும் சரி என்றான். ஒருநாள் சோதித்துப் பார்க்கவென்று தேங்காய்ப்பால் சொதியில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். முழுவதையும் ஊற்றிச் சாப்பிட்டு, “நல்லாருக்கு முத்தும்மா” என்று சொல்லிவிட்டு, கொல்லைப்பக்கம் போய் ஒரு செம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தான். அதை ஜன்னல் வழியாகப் பார்த்த முத்துராணிக்கு அழுகையும் வந்தது, அவனை ஓங்கி ஓர் அடி போடலாம் போலவும் வந்தது. அடிக்கவில்லை. நோட்டில் போட்டுச் சாத்தினாள்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, நல்ல மழை. வண்டி பட்டறையில் கிடந்ததால் மணிராஜுக்கு வேலையில்லை. பெண்டாட்டி நனைவாளே என்று குடையும், கூட்டத்துக்கே போதும்படி ஒரு பெரிய பிளாஸ்க்கில் சுக்குக் காப்பியும் எடுத்துக்கொண்டு வாசகசாலை மாடிப்படி ஏறினான். வாசலில் நின்று, “நான் முத்துராணி வீட்டுக்காரன்” என்றான். சிரித்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

முத்துராணி நோட்டைச் சட்டென்று மூடினாள். டார்லின், “அங்கன வைங்க” என்று பிளாஸ்க்கைக் கண்ணால் காட்டினாள். ஷம்ஸியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். ஆறுமுகத்தாய் மட்டும் எழுந்து நின்றாள். முப்பத்தெட்டு வயது, சேரன்மகாதேவியில் வாழை மண்டி ஒன்றில் இலைக்கட்டு போடுகிறவள். ஐந்து மாதமாக ஒரு வரி எழுதியதில்லை, தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் முத்துராணி வாசிக்கும்போது மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

“நீங்கதான் மணிராஜ் அண்ணாச்சியா?” என்றாள். “ஊசி போட்டுட்டு வந்த பொண்டாட்டிய பஸ் ஸ்டாண்டுல உக்காத்தி வச்சிட்டுச் சீட்டாடப் போனியளாமே?”

மணிராஜ் திகைத்துப் போய் முத்துராணியைப் பார்த்தான். அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

“முடி கொட்டுனதுக்குச் சிரிச்சியளாமே? சோத்துத் தட்ட எறிஞ்சியளாமே? வாய் இருக்குல்லா, சொல்லுங்க.”

மணிராஜ் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். பிறகு மெதுவாக, வீட்டில் பேசுகிற அதே குரலில், “ஆமா. தப்புத்தான். இனிமே அப்படி நடக்காது” என்றான்.

முத்துராணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

“எதுக்கு ஒத்துக்கிடுதிய? ஏன் ஒத்துக்கிடுதிய நீங்க?” என்று கத்தினாள். “எக்கா, அம்புட்டும் பொய்! இவிய ஒரு நாள்கூட என்னைய விட்டுப் போனதில்ல. ஆஸ்பத்திரி வராந்தாவுல நாலு மணி நேரம் நின்ன கால்லயே நிப்பாவ. செய்யாதத செஞ்சேன்னு சொன்னாக்கூட இந்த மனுசனுக்குக் கோவம் வரலியே! நான் என்னதான் செய்ய?”

அதன்பிறகு ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். உப்புச் சொதி உட்பட.

முதலில் வாய் திறந்தவள் ஷம்ஸியா. “அஞ்சு மாசமா ஒவ்வொரு தொழுகையிலயும் இந்த மனுசனுக்கு நல்ல புத்தியக் கொடுன்னு துஆ கேட்டுட்டு வாரேன். அம்புட்டும் வீணா?” என்றவள், மணிராஜை மேலும் கீழும் பார்த்தாள். “வீணாகல. நான் கேட்டதுக்கு மேலயே கொடுத்திருக்கான் போல.” டார்லினுக்குச் சிரிப்பு பீறிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். சுக்குக் காப்பி டம்ளர் டம்ளராக இறங்கியது.

ஆறுமுகத்தாய் சிரிக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் போட்டாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கி, மழையிலேயே போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மணிராஜ் பின்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தான். முத்துராணி அப்பளம் பொரித்துக்கொண்டே அவன் முதுகைப் பார்த்தாள். முதுகில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் நோட்டோடு அடுப்பங்கரைக்கு வந்தான்.

“ஏட்டி.”

அவள் கரண்டி நின்றது. ‘ஏட்டி’ என்று அவன் கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

“எனக்கு எங்கட்டி தொந்தி இருக்கு?”

“இல்லாமத்தான் சட்டையில பட்டன் நிக்க மாட்டேங்குதா?”

“சரி, அத விடு. புருஷனா என்னைய என்ன வேணும்னாலும் எழுதிக்க. இந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்க? மழையில கை காட்டுன புள்ளத்தாச்சிய ஏத்தாம விசில் அடிச்சேனா? நானா?” குரல் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு படி ஏறியது. “பதினாலு வருசமாக் கண்டக்டரா இருக்கேன். எந்த ஸ்டாப்புல எந்தப் புள்ளத்தாச்சிய விட்டுட்டு வந்தேன், சொல்லுட்டி! ஆக்கங்கெட்டவளே, இத ஆறு பொம்பளைக முன்னால வாசிச்சும் இருக்க!”

அது பேருந்து நிலையத்துக் குரல். பாத்திரங்கள் அடுக்கிய ஏனப் பலகையில் டம்ளர் அதிர்ந்தது. முத்துராணிக்கு உள்ளங்காலிலிருந்து ஒரு சந்தோஷம் குபுகுபுவென்று ஏறியது. கரண்டியை நீட்டிக்கொண்டு அவளும் தொண்டையைத் திறந்தாள். தொந்தியில் ஆரம்பித்து, ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவதில் புகுந்து, அவன் அக்கா வீட்டுக் கல்யாணத்தில் அவளுக்கு எடுத்த பாக்கு நிறச் சேலை வரைக்கும் போனாள். எதிர்வீட்டுத் தங்கத்தாய் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பாடி! வீட்டுல ஆளு இருக்கா இல்லையான்னே தெரியாம இருந்துச்சு” என்று நிம்மதியாக உள்ளே போனாள்.

“இப்ப வருதுல்லா சத்தம்!” என்றாள் முத்துராணி. “இத்தன நாளும் எங்க வச்சிருந்திய? செத்தவகூடத்தான் யாரும் சண்டை போட மாட்டாவ. நான் செத்தா போயிட்டேன்?”

மணிராஜ் சட்டென்று அடங்கினான். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான்.

“டாக்டர் கூப்பிட்ட அன்னைக்குக் காலையில” என்றான். “சொதிக்கு இஞ்சித் துவையல் அரைக்கலன்னு சண்டை. ‘நீ செத்தாத்தாண்ட்டி எனக்கு நிம்மதி’ன்னு சொல்லிட்டு வண்டிக்குப் போனேன். மத்தியானம் ரிசல்ட்டு வந்துட்டு.”

முத்துராணி யோசித்துப் பார்த்தாள். துவையல் ஞாபகம் இருந்தது. அந்த வார்த்தை அவளுக்கு ஞாபகமே இல்லை. இவன் அதை இரண்டு வருஷமாகத் தூக்கிக்கொண்டு, கீழே போட்டுவிடாமல் பையப் பைய நடந்திருக்கிறான்.

அவன் எதிரே உட்கார்ந்தாள். “நான் உங்கள எத்தன தடவ ‘பஸ்ஸோட போய்த் தொலைங்க’ன்னு சொல்லியிருக்கேன்? தொலைஞ்சா போனிய? உங்க நாக்குக்கு அம்புட்டுச் சக்தி இருந்தா நீங்க என்னத்துக்குக் கண்டக்டரா இருக்கிய? சாமியாடியால்லா இருக்கணும்!”

மணிராஜ் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாயிற்று. அவள் அவன் தலையைத் தன் தோளில், அறுவை நடந்த பக்கத்துத் தோளிலேயே, சாய்த்துக்கொண்டாள். வலிக்கவில்லை. அடுப்பில் அப்பளம் கரிந்தது. அதற்கும் ஒரு சின்னச் சண்டை நடந்தது.

அன்றைய சோறு அவளுக்கு ருசியாகத்தான் இருந்தது. ஆனால் நடுநடுவே, மழையில் இறங்கிப் போன ஆறுமுகத்தாயின் முதுகு கண்ணில் வந்து நின்றது. அடுத்த கூட்டத்துக்கு ஆறுமுகத்தாய் வரவில்லை. டார்லின் போன் செய்தும் எடுக்கவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை முத்துராணி விடுப்புச் சொல்லிவிட்டுச் சேரன்மகாதேவிக்குப் போனாள். மண்டிக்குள் வாழைத்தார்கள் அடுக்கிக் கிடந்தன. ஆறுமுகத்தாய் தரையில் உட்கார்ந்து இலைகளை நார் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, “என்ன, மிச்சக் கதைய வாசிக்க வந்தியா?” என்றாள்.

“மன்னிச்சிருங்கக்கா. பொய் சொல்லிட்டேன்.”

“பொய்க்காகக் கோவம் இல்ல.” ஆறுமுகத்தாய் நாரை இழுத்து முடிச்சுப் போட்டாள். “என் வீட்டுக்காரன் நெசமாவே போயிட்டான். ஆபரேசனுக்கு மொத நாளு. நான் யார்கிட்டயும் சொல்லல. நீ ஒவ்வொரு தடவ வாசிக்கும்போதும், சரி, எனக்கு மட்டுமில்ல, இன்னொருத்திக்கும் இப்படித்தான்னு நெனச்சிக்கிடுவேன். அது ஒரு தெம்பு. அன்னைக்கு உன் புருஷன் குடையும் காப்பியுமா வந்து நின்னாரு பாரு, நான் திரும்பவும் ஒத்தையாயிட்டேன்.”

முத்துராணியும் தரையில் உட்கார்ந்து, இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்துக் கொடுத்தாள். நாலு கட்டு முடிந்தது.

“நோட்டு கொண்டாந்திருக்கியா?” என்றாள் ஆறுமுகத்தாய்.

“பையில கெடக்குக்கா.”

“எனக்கு எழுதக் கை ஓடாது. நான் சொல்லுதேன், எழுது. சொன்னத மட்டும் எழுது. என்னைய அழ வச்சேன்னா அருவா இங்கனதான் இருக்கு, பாத்துக்க.”

சொன்னாள். அவன் போன அன்று மின்சாரம் இல்லை. அவசரத்தில் தன் செருப்பில் ஒன்றும் அவள் செருப்பில் ஒன்றுமாக மாட்டிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகச் செருப்பை எடுத்தால், வாசலில் மிச்சமிருந்ததும் அதே மாதிரி ஜோடி. அதையே போட்டுக்கொண்டு போனாள். ஒரு கால் பெரிசு, ஒரு கால் சிறிசு. “நர்சு கேட்டா, காலுல என்னம்மான்னு. புதுசா வந்திருக்க மாடல்னு சொன்னேன்.”

முத்துராணி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உதட்டைக் கடித்தாள். ஆறுமுகத்தாயே முதலில் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும், தார் சுமக்கிறவர்கள் நின்று பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள்.

“பேர மாத்திரட்டுமாக்கா?”

“எதுக்கு மாத்துத? நானா ஓடிப் போனேன்? ஆறுமுகத்தாய்னே போடு.”

போட்டாள். அடுத்த கூட்டத்தில் முத்துராணி அதை வாசித்தபோது, ஆறுமுகத்தாய் நாற்காலியை எல்லோருக்கும் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வாசித்து முடித்ததும் ஷம்ஸியா எழுந்து போய் ஆறுமுகத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.