ரெட்டி வந்தாரா?

"யாரு தாட்சு அந்த ரெட்டி? காலையிலேந்து ரெட்டி வரல, ரெட்டி வரலன்னு டாக்டருங்க சொல்லிக்கினே கீறாங்க. பெரிய டாக்டரா?"

"ரெட்டி இல்ல மாமா, ரெட்டிக். புதுசா பொறக்கற செவப்பு அணுவாம். எனக்கு இன்னும் பொறக்கல."

"அட, நான் அவருக்கு ஒரு வணக்கம் வெக்கலாம்னு வாசல்லயே நின்னுக்கினு இருந்தேன்."

வேலூர் ஆஸ்பத்திரியில் கணவன் மோகன்ராஜ் அப்படிச் சொன்னபோது, வாய்ப்புண்ணையும் மறந்து தாட்சாயணி சிரித்துவிட்டாள். ரத்தம் ஊறாத நோய்க்காக, தம்பி ஹரிபாபு கொடுத்த ஸ்டெம் செல்களை அவள் உடம்பில் ஏற்றியிருந்தார்கள். வெள்ளையணு வந்துவிட்டது. தம்பிக்கு வேறு ரத்த வகை என்பதால் சிவப்பணு மட்டும் அடம்பிடித்தது. அதற்குள் லீவு முடிந்து, குவைத்துக்கு வண்டியோட்டப் புறப்பட்டுவிட்டான் மோகன்ராஜ். "ரெட்டி வந்ததும் சொல்லு" என்றான். போகாதே என்று சொல்ல வாயெடுத்தவள், அந்த வேலை போனால் வைத்தியம் ஏது என்று விழுங்கிக்கொண்டாள்.

வடமாலபேட்டை அம்மா வீட்டில் மாடும் ஆட்களுமாக இருக்கும், தொற்று வரும் என்று டாக்டர் தடுத்துவிட்டார். அதனால் திருப்பதியில் ரத்தம் சோதிக்கும் லேபுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறை. அம்மா இந்திராணி காலையில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, பால் கறக்க அடுத்த பஸ்ஸைப் பிடிப்பாள். ஹீமோகுளோபின் இறங்கினால் ரத்தம் ஏற்றுவார்கள். கொஞ்ச நாள் கன்னம் சிவக்கும். பிறகு மாடிப்படியிலேயே மூச்சு வாங்கும். அது யாரோ கொடுத்த ரத்தம். சொந்தமாக ஊறுகிறதா என்பதை ரெட்டிக்தான் சொல்ல வேண்டும்.

முடி சரியாக முளைக்காத தலையோடு நடந்தால் தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திருப்பதியில் மொட்டைக்கா பஞ்சம்? "தரிசனம் நல்லா ஆச்சாம்மா?" என்பார் டீக்கடைக்காரர். ஆச்சு என்று தலையாட்டுவாள். பல நாட்களில் மதியத்துக்குமேல் அவளிடம் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

வெள்ளிக்கிழமை மோகன்ராஜிடமிருந்து போன் வரும்.

"ரெட்டி வந்தாரா?"

"இல்ல மாமா."

"வருவாரு. துன்னியா?"

"துன்னேன்."

அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது.

ஒரு வெள்ளிக்கிழமை லேபில் ரத்தம் எடுக்கும் ஹரிதா அவளைப் பார்த்ததுமே சிரித்தாள். தாட்சாயணி வாய்தவறி ரெட்டி என்று கேட்ட நாளிலிருந்து அந்தப் பெண்ணுக்கும் அது ரெட்டிதான். "அக்கா, ரெட்டிகாரு வச்சேசாரு! உங்க ரெட்டி வந்துட்டாரு. நல்லாவே ஏறியிருக்கு, டாக்டருக்கு இப்பவே சொல்லிடுங்க."

டாக்டருக்குச் சொன்னாள். இப்போதைக்கு ரத்தம் ஏற்ற வேண்டாம் என்றார் அவர். அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தவளுக்குச் சந்தோஷத்தின் பின்னாலேயே பயமும் வந்தது. இனி அவன் எதைக் கேட்கப் போன் செய்வான்? வரவில்லை, உடம்பு மோசம் என்றால் அடுத்த விமானத்தில் ஓடிவருவான்.

போன் அடித்தது.

"ரெட்டி வந்தாரா?"

பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"வந்துட்டாரு மாமா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அப்பாடா. இனிமே நிம்மதியா வண்டி ஓட்டுவேன். சரி, துன்னியா?"

"இல்ல."

"ஏன் தாட்சு?"

"தனியா துன்னப் புடிக்கல. ரெட்டியே வந்துட்டாரு. நீயும் வந்துடு மாமா."