நாலுக்குக் கீழே

அவளுக்கு அந்த நாற்காலி கிடைத்ததே நெஞ்சு கெட்டுப்போனதால்தான். கல்யாணமான வருடத்திலிருந்து அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டுகிற மெஷின் முன்னால் நின்றவள். மெஷின் ஒவ்வொரு தடவை இறங்கி ஏறும்போதும் அட்டையிலிருந்து மாவு மாதிரி தூசி கிளம்பும். தலையில், இமையில், சாப்பாட்டு டப்பாவின் மூடியில் என்று ஒரு இடம் விடாது. ஒருநாள் படுத்திருக்கும்போது அவள் நெஞ்சு கீச்சிடுவதைக் கேட்டு வீட்டுக்காரர், "என்னடி, உள்ள பூனக்குட்டி எதையாவது முழுங்கிட்டியா?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. தூசியை விட்டு வெளியே வரவில்லை என்றால் மாத்திரையெல்லாம் சும்மா தண்ணீர் குடிக்கிற கணக்குதான் என்று சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மாடி ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் பிரசவத்துக்குப் போய்த் திரும்பி வரவில்லை. இவள் நேராக மேனேஜரிடம் போய் நின்றாள். கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று அடித்துவிட்டாள். அதை எங்கே அமுக்கினால் உயிர் வரும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நாள் பார்ப்பதாகவும், சரிப்படவில்லை என்றால் பழையபடி கீழே மெஷினுக்குத்தான் என்றும் மேனேஜர் சொன்னார். அவள் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான்.

அன்று சாயங்காலமே செருப்புக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கிளாசில் சேர்ந்தாள். சொல்லிக்கொடுத்தது ஒரு சின்னப் பெண். மூச்சுவிடாமல் பேசும். பக்கத்து நாற்காலிகளில் கல்லூரிப் பிள்ளைகள் பத்து விரலில் மழை பெய்த மாதிரி அடித்துக்கொண்டிருக்க, இவள் ஒற்றை விரலால் கோழி கொத்துவது போல் கொத்துவாள். பகலில் ஆபீசில் தெரியாமல் முழிப்பதைச் சாயங்காலம் கேட்டுக்கொண்டு வந்து, மறுநாள் பிறவியிலேயே தெரிந்த மாதிரி செய்வாள். எழுத்தைப் பெரிதாக்குவது, தடிப்பாக்குவது, ஃபைலுக்குப் பேர் வைத்துச் சேமிப்பது, பிரிண்ட் எடுப்பது. இதை வைத்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

தினமும் அவள் அடிக்கவேண்டியதில் முக்கியமானது காலைத்தாள். ராத்திரி ஷிஃப்ட் ஃபிட்டர் வீட்டுக்குக் கிளம்புமுன் ஆபீசில் வந்து எந்த மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டுப் போவார். அதை டைப் அடித்துக் கீழே வாசல் கதவில் ஒட்டவேண்டும். அதைப் பார்த்துத்தான் மேஸ்திரி மெஷினுக்கு மெஷின் ஆட்களை நிறுத்துவார். மெஷினின் சுவிட்சுக்குப் பூட்டுப் போடுகிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. அந்தத் தாள்தான் பூட்டு.

பழைய தாள் பொடி எழுத்தில் மேலிருந்து கீழாகப் பத்தி பத்தியாக இருக்கும். மெஷின்முன் நிற்கிற முக்கால்வாசிப் பெண்களுக்கு அது பிடிபடாது. அவளுக்கும் பிடிபட்டதில்லை. அதனால் நாற்காலிக்கு வந்ததும் அதை மாற்றினாள். கீழே மெஷின்கள் சுவரோரம் எப்படி வரிசையாக நிற்கின்றனவோ, அப்படியே மேல்வரியில் மெஷின் 1, மெஷின் 2 என்று குறுக்காக ஆறு வரைக்கும் அடித்தாள். கீழ்வரியில், எது ரிப்பேரோ அதற்கு நேர் கீழே வருகிற வரைக்கும் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தள்ளிக்கொண்டே போய், 'நிறுத்தம்' என்று தடித்த எழுத்தில் போட்டாள். வேறு ஒன்றும் எழுதவில்லை. கதவில் பார்த்துவிட்டு அப்படியே திரும்பினால் எதிரே மெஷின்கள் அதே வரிசையில் நிற்கும்.

கீழே அதற்கு ஏகப்பட்ட வரவேற்பு. எல்லோரையும்விட நெட்டைக்கு. நெட்டை நாலாம் மெஷின்காரி, இவளுடைய கூட்டாளி. இருவரும் ஒரே டப்பாவில் கைபோட்டுச் சாப்பிட்டவர்கள். கிளாஸ் இருக்கிற நாட்களில் இவள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து வைத்திருப்பதும் அவள்தான். நெட்டைக்கு எண் தெரியும், எழுத்துக்கூட்டிப் படிப்பாள், ஆனால் யார் முன்னாலும் படிக்கமாட்டாள். இந்தத் தாளை மட்டும் கதவு முன்னால் நின்று எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்ட ஆரம்பித்தாள். "ஆபீசரம்மா உத்தரவு போட்டுட்டாங்க, ரெண்டு இன்னிக்கி லீவு" என்பாள். இவளைக் கண்டால் எழுந்து நிற்கிற மாதிரி நடிப்பாள்.

தாளை ஒட்டுவதற்காகக் கீழே இறங்கினாலே இவளுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். அன்று காலை மாடிப்படியிலேயே மூச்சு இழுத்தது. மேஸ்திரியின் மேசையில் தூசி அப்பிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் பிரிண்டரும் கிடந்தன. ஃபைலை அங்கே அனுப்பிவிட்டால் அவரே எடுத்து ஒட்டிக்கொள்வார் என்று தோன்றியது. அனுப்பினாள். போனில் சொன்னாள். இத்தனை நாள் இது தோன்றாமல் போனதே என்று தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்து நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அன்றைக்கு ஐந்தாம் மெஷின் ரிப்பேர். கை உள்ளே இருந்தால் மெஷினை இறங்கவிடாமல் நிறுத்துகிற சென்சாரை ஃபிட்டர் கழற்றி வைத்திருந்தார்.

கீழேயிருந்து முதலில் சத்தம் வரவில்லை. ஒவ்வொரு மெஷினாக நிற்கிறது மட்டும் கேட்டது. அப்புறம்தான் கூச்சல். இவள் படியில் விழுந்தடித்து இறங்கும்போது நெட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கையைப் பழைய சாக்கில் சுற்றியிருந்தார்கள். சாக்குக்குள் கை இருக்கவேண்டிய அளவுக்குப் பருமன் இல்லை.

விசாரணை ஆபீசிலேயே நடந்தது. நாலாம் மெஷினில் நிற்கவேண்டியவள் ஐந்துக்கு ஏன் போனாள் என்பதுதான் கேள்வி. ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, நாலுக்குக் கீழேதான் நிறுத்தம் போட்டிருந்தது, அதனால்தான் அன்று ஆள் வராத பக்கத்து மெஷினுக்குப் போனேன் என்று நெட்டை சொல்லியிருந்தாள். மேஸ்திரியோ தான் தாளை ஒட்டியதோடு சரி, அவள் படித்துச் சொன்னதைத்தான் எல்லோரும் கேட்டுக்கொண்டோம் என்றார். அந்தத் தாளைக் காணவில்லை. அமளியில் யாரோ கிழித்துத் தரையைத் துடைத்திருக்கிறார்கள். மேனேஜர் இவள் பக்கம் திரும்பி ஃபைலைத் திறக்கச் சொன்னார். திறந்தாள். ஐந்துக்கு நேர் கீழே, நூல் பிடித்த மாதிரி, நிறுத்தம்.

"சரியாத்தான் சார் அடிச்சிருக்கேன்" என்றாள். அவளுக்கே உயிர் திரும்பி வந்தது. நெட்டை அவசரத்தில் பார்த்திருப்பாள், பாவம் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டில் வீட்டுக்காரரிடமும் அதையே சொன்னாள். கேட்காமலே இரண்டு தடவை சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில்தான் கிளாசில் டேபிள் பாடம் வந்தது. கட்டம் கட்டமாகப் போட்டு அதற்குள் எழுதுவது. எதற்கு இந்த வேலை, ஸ்பேஸ் தட்டினாலே வருகிறதே என்று இவள் கேட்டுவிட்டாள். சின்னப் பெண்ணுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அதே மாதிரி ஒன்றை அடித்துக் காட்டச் சொன்னாள். கையில் ஊறிப்போனதைத்தான் இவள் அடித்தாள். மேலே மெஷின்கள், கீழே ஒரு நிறுத்தம்.

"இப்பப் பாருங்கக்கா வேடிக்கைய. உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற எழுத்து, ஃபாண்ட்டுன்னு சொல்வாங்களே, அது இன்னொரு கம்ப்யூட்டர்ல இருக்கணும்னு இல்ல. இல்லேன்னா அது தங்கிட்ட இருக்கிற எழுத்தப் போட்டுக்கும். அதுல ஸ்பேஸ் ஒல்லியா இருந்துச்சுன்னு வைங்க..."

சின்னப் பெண் எழுத்தை மாற்றினாள். கீழ்வரியில் இருந்த ஒரே ஒரு வார்த்தை, யாரோ பிடித்து இழுத்த மாதிரி, இடது பக்கம் நகர்ந்தது. நாலுக்குக் கீழே போய் நின்றது.

கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள். சின்னப் பெண்ணும் சிரித்தாள். அக்கா, அக்கா என்று தோளைத் தொட்டு உலுக்கிய பிறகுதான் இவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

மறுநாள் எல்லோரும் வருமுன்பே போய், மேஸ்திரி மேசைக் கம்ப்யூட்டரில் விபத்தன்று அனுப்பிய ஃபைலைத் திறந்து பிரிண்ட் கொடுத்தாள். தாள் வெளியே வரும்போதே தெரிந்துவிட்டது. நிறுத்தத்தின் தலைக்கு மேல் மெஷின் 4 இருந்தது.

மேலே வந்து, தன் கம்ப்யூட்டரில் எடுத்த தாளையும் கீழே எடுத்த தாளையும் மேனேஜர் மேசையில் அருகருகே வைத்துச் சொல்லிமுடித்தாள். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தாள். அவர் கத்தவில்லை, கதவைச் சாத்தினார். ஆபீஸ் தாள் தப்பு என்றால் ஆலை தப்பு என்றாகிவிடும், சுவிட்சுக்கு ஏன் பூட்டு இல்லை என்பதில் ஆரம்பித்து எல்லாம் கிளறப்படும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். அப்புறம் கீழே எடுத்த தாளை மட்டும் நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"உன் கம்ப்யூட்டர்ல சரியா இருக்குல்ல? அப்ப அது சரி. அவளே தப்பாப் படிச்சுட்டுப் போயிட்டான்னு விசாரணை முடிவ டைப் பண்ணிக் கொண்டா. இந்த நாற்காலி உனக்கு நிரந்தரம்மா."

அவள் போய் உட்கார்ந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. நெஞ்சுக்குள் ஒரு சத்தமும் இல்லை, அத்தனை சுத்தமாக மூச்சு வந்தது. 'விசாரணை முடிவு' என்று நடுவில் தடித்த எழுத்தில் அடித்தாள். தேதி போட்டாள். நெட்டையின் பேரை அடித்தாள். அத்தனை வருடப் பழக்கத்தில் அவளுடைய முழுப்பேரை இவள் எழுதிப் பார்த்தது அதுதான் முதல்முறை. அடுத்த வார்த்தைக்கு விரல் இறங்கவில்லை.

மொத்தத்தையும் அழித்தாள். புதுசாக ஒன்றைத் தொடங்கினாள். அன்று மூச்சு இழுத்ததால் தான் கீழே இறங்காததை எழுதினாள். ஃபைலை அனுப்பியதை, எழுத்து மாறியதை, வார்த்தை நகர்ந்ததை எழுதினாள். தாளில் என்ன இருந்ததோ அதைத்தான் நெட்டை சரியாகப் படித்தாள் என்றும் எழுதினாள். இரண்டு தாளிலும் இருந்ததை டேபிள் போட்டுக் காட்டினாள். கட்டத்துக்குள் போட்டால் எங்கே கொண்டுபோனாலும் நகராது. கையெழுத்துப் போட்டு ஒன்றை மேனேஜர் மேசையில் வைத்தாள், ஒன்றைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அனுப்பினாள், ஒன்றை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

மதியமே அவளைக் கீழே அனுப்பிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் மேஸ்திரி மேசையிலிருந்த பழைய கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் காணோம். அது ரொம்ப நாளாகவே கெட்டுப்போய்க் கிடந்ததாக மேஸ்திரி பேச ஆரம்பித்திருந்தார்.

நாலாம் மெஷினில்தான் இவளை நிறுத்தினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது நெட்டை சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டுப் போட்ட கை தலையணை மேல் தனியாகக் கிடந்தது. விசாரணையில் இவள் சொன்னது அவள் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. இவள் கட்டில் ஓரத்தில் நின்றபடியே தாளைப் பிரித்து, முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள். நெட்டை திரும்பவில்லை. சுவரைப் பார்த்தே பேசினாள்.

"தப்பாப் படிச்சுட்டேன்னு எம் பிள்ளையே சொல்லுது. நானும் அப்படித்தான் போலன்னு நெனச்சுட்டேன்டி."

இவள் தாளை மடிக்கப் போனாள்.

"சரியாப் படிச்சேன்னு வருதுல்ல, அத மறுபடி படி."

படிக்க ஆரம்பித்தாள். பாதி வரியில் இருமல் வந்தது. தாளை மார்போடு பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள். தலையிலிருந்து அட்டைத் தூசி கட்டில் விரிப்பில் உதிர்ந்தது. நெட்டை அப்போதுதான் திரும்பி, அந்தத் தூசியைப் பார்த்தாள், இவள் தலையைப் பார்த்தாள். தண்ணீர் குடி என்று சொல்லவில்லை. இருமல் அடங்கியது.

"ம், மிச்சத்தையும் படி" என்றாள்.