பாப்பம்மாள் செத்த வருஷம்

மூன்றாவது ஷிப்ட் முடிந்து மதிவதனி கம்பெனி பஸ்ஸிலிருந்து பென்னலூரில் இறங்கியபோது மணி ஏழாகியிருந்தது. போகிப் புகை தெருவை மூடியிருந்தது. வீட்டு வாசலில் நெருப்பு ஏறக்குறைய அணைந்துவிட்டது. கோரைப் பாயும் பழைய துணிகளும் கருகிக் கிடந்தன. அண்ணன் எழிலரசன் குளித்துவிட்டு, கையில் காபி டம்ளருடன் படியில் நின்றிருந்தான்.

செருப்பைக் கழற்றக் குனிந்தவள், சாம்பல் ஓரத்தில் ஒரு மஞ்சள் அட்டையின் மூலையைப் பார்த்தாள். அதில் பென்சிலால் எழுதிய எண் ஒன்று தெரிந்தது. பதினான்கு. அவளே போட்ட எண்.

பையைக் கீழே போட்டுவிட்டுக் கையை நேராகச் சாம்பலுக்குள் விட்டாள். அடியில் கங்கு இருந்தது. விரல்கள் வெந்தன. எழிலரசன் "ஏய், ஏய்" என்று கத்திக்கொண்டு இறங்கி வருவதற்குள் ஐந்து துண்டுகளை எடுத்துவிட்டாள். மற்றவை தொட்டதும் உதிர்ந்தன.

அவை பாப்பம்மாளின் தபால் கார்டுகள்.

அப்பா கோதண்டம் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருடைய தகரப் பெட்டியை யாரும் கேட்கவில்லை, அதனால் அது மாடி அறைக்கு, மதிவதனியிடம் வந்தது. குலதெய்வக் கோவில் கும்பாபிஷேக மலருக்காக ஒவ்வொரு குடும்பமும் வம்சாவளி எழுதித் தர வேண்டும் என்று சொன்னபோதுதான் அவள் அதைத் திறந்தாள். ஒரகடத்தில் கார் உதிரி பாகக் கம்பெனியில் அவள் தரப் பரிசோதகர். ஒரு மயிரிழைக் கீறல் இருந்தாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவள். அந்தக் கண்ணோடுதான் பெட்டியையும் பார்த்தாள். துருப்பிடித்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். காகிதங்களை மெல்லிய பிரஷால் துடைத்து, அமிலம் கலக்காத தாளை வரவழைத்து, காகிதங்களுக்கு நடுவில் வைத்து அடுக்கினாள். பாகங்கள் வரும் அட்டைப்பெட்டிகளில் கிடக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவந்து போட்டாள். பத்திரங்கள், ஜாதகங்கள், பள்ளிக்கூடச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி உறை.

பெட்டியின் அடியில், வேட்டித் துணியில் சுற்றி, இருபத்து மூன்று தபால் கார்டுகள் இருந்தன.

அப்பாவுக்குப் பாப்பம்மாள் என்று ஒரு தங்கை இருந்தாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இருபது வயதில், 1971-ல், மஞ்சள் காமாலை வந்து மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள், உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள் என்பதும் தெரியும். முதல் கார்டின் தேதி 1972. கடைசிக் கார்டின் தேதி 1999.

"அண்ணாவுக்கு, நலம். ஆண் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் இறந்துவிட்டது. அம்மாவிடம் மட்டும் சொல்லவும். பதில் போடவும்."

"அண்ணாவுக்கு, பெண் பிறந்திருக்கிறாள். ஷெர்லின் என்று பெயர் வைத்திருக்கிறோம். பதில் போடவும்."

"அண்ணாவுக்கு, அம்மா இறந்த சேதியைப் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்ததில் கேட்டேன். எனக்குச் சொல்லியிருக்கலாம்."

அனுப்புநர் முகவரி ஒவ்வொன்றிலும் ஒன்றுதான். பாக்கியநாதன், டெய்லர், மாதா கோவில் தெரு, மண்ணூர். வேறு சாதி, வேறு மதம். பென்னலூரிலிருந்து அரை மணி நேரப் பயணம். மதிவதனி அன்றே அண்ணனிடம் காட்டினாள். அவன் இரண்டு கார்டு படித்தான். "வுடு மதி. சத்யப்பிரியாவுக்கு வரன் பேசிக்கினு இருக்கேன். இந்த நேரத்துல இது எதுக்கு?" என்றான். சத்யப்பிரியா அவன் மகள். பொங்கல் கழித்துப் பேசிக்கொள்ளலாம் என்று மதிவதனியும் விட்டாள். டிசம்பர் முழுக்கக் கம்பெனியில் ஓவர்டைம். ஏழு கார்டுகளைத்தான் ஸ்கேன் செய்திருந்தாள்.

இப்போது கொப்புளம் எழுந்த விரல்களைத் தண்ணீரில்கூட நனைக்காமல் மாடிக்கு ஓடினாள். பீரோ திறந்திருந்தது. பெட்டி இருந்தது. பத்திர உறை, ஜாதக உறை, எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி. ஒரே ஒரு உறைதான் இல்லை.

கீழே வந்தாள்.

"யாரு எடுத்தது?"

"இன்னா மதி காலங்காத்தால? போகி. பழசைக் கொளுத்துறதுதானே."

"அப்போ பத்திரத்தை ஏன் கொளுத்தல? அது அதைவிடப் பழசு."

அவன் காபியைக் குடித்தான். அண்ணி மஞ்சுளா கதவுக்குப் பின்னால் நின்று, "பொண்ணோட வாழ்க்கைம்மா" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

"செத்தவ அவ," என்றான் எழிலரசன். "அப்பா கருமாதி பண்ணி முடிச்ச விஷயம். அதைத் தோண்டி எடுத்துக்கினு வந்து கோவில் புக்குல போடணும்ன்ற. மாப்ள வூட்ல படிப்பாங்க, தெரியுமா?"

"இருபத்தேழு வருஷம் எழுதியிருக்கா. செத்தவ எப்டி எழுதுவா? அப்பா அதைத் தன் வேட்டித் துணியில சுத்தி வச்சிருந்தாரு. தங்கச்சி மேல அவருக்கு இருந்த பாசம் உனக்கு இன்னா தெரியும்? அவர் பொத்திப் பொத்தி வச்சதை நீ நெருப்புல போட்ட."

"கத்தாத. தெருவே பாக்குது."

"பாக்கட்டும்!"

தெரு பார்த்தது. அவள் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். பிறகு கருகிய ஐந்து துண்டுகளையும் தன் டிபன் பாக்ஸில் தாள் விரித்து அடுக்கி மூடினாள். விரலுக்கு மருந்து தடவிக்கொண்டு, தூங்காமல், சாப்பிடாமல், பதினோரு மணிக்கு மண்ணூருக்குக் கிளம்பினாள்.

மாதா கோவில் தெருவில் தையல் கடை இன்னும் இருந்தது. பலகையில் 'ஷெர்லின் லேடீஸ் டெய்லர்' என்று எழுதியிருந்தது. பண்டிகை நேரம். ஜாக்கெட் துணிகள் மலையாகக் குவிந்திருந்தன. மெஷினில் இருந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நெற்றி அப்படியே அப்பாவின் நெற்றி.

"இன்னிக்கு புது ஆர்டர் எடுக்கலம்மா."

"நான் பென்னலூர்லேர்ந்து வர்றேன். கோதண்டம் பொண்ணு."

மெஷின் நின்றது. ஷெர்லின் எழுந்திருக்கவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

"இன்னா வேணும்?"

"அத்தையைப் பத்தித் தெரிஞ்சுக்கணும். அவங்க..."

"செத்துட்டாங்க. 2009-ல. கிட்னி. சாவுக்கு முந்தி பத்து நாளு உங்கப்பன் பேரைச் சொன்னாங்க. எங்க வூட்டுக்காரரு பென்னலூர் வந்து சொன்னாரு. அந்தப் பேர்ல எனக்குத் தங்கச்சியே இல்லன்னு உங்கப்பன் சொல்லி அனுப்பிச்சாரு. இப்போ நீ வந்து அத்தைன்ற."

"இல்லக்கா. அப்பாவுக்குப் பாசம் இருந்துச்சு. அவங்க போட்ட கார்டெல்லாம் எடுத்து வச்சிருந்தாரு. இருபத்து மூணு கார்டு."

ஷெர்லினின் முகம் மாறியது. "எங்கம்மா எழுதினதா? எங்க கீது?"

மதிவதனி சொன்னாள். போகி, அண்ணன், நெருப்பு. டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினாள். ஷெர்லின் எழுந்து வந்தாள். துண்டுகளைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். 'பதில் போட' என்ற எழுத்துகள் ஒரு துண்டில் மிச்சமிருந்தன.

"எங்கம்மா கையெழுத்து எங்க கிட்ட ஒண்ணுகூட இல்ல," என்றாள். "எழுதினதெல்லாம் உங்க வூட்டுக்குத்தான் எழுதினாங்க. உயிரோட இருக்கும்போது சாவடிச்சீங்க. செத்தப்புறம் கொளுத்திட்டீங்க. பாசமாம். இரு, உங்கப்பன் பாசத்தைக் காட்றேன்."

உள்ளே போய் ஒரு அட்டையைக் கொண்டுவந்து தையல் மேசைமேல் வீசினாள். நீல நிறக் கடிதத்தாள் ஒன்று, லேமினேட் செய்தது. பழைய தாளைச் சூடான பிளாஸ்டிக்கில் ஒட்டினால் மறுபடி பிரிக்கவே முடியாது.

"இதை ஏன் இப்டிப் பண்ணீங்க?"

"அம்மாதான் பண்ணச் சொன்னாங்க. நாங்க யாராவது கோவத்துல கிழிச்சிடுவோம்னு பயம் அவங்களுக்கு. முப்பது வருஷத்துல வந்த ஒரே லெட்டர். படி. வாய்விட்டுப் படி."

மதிவதனி படித்தாள். அப்பாவின் கையெழுத்து. ரேஷன் கார்டில், அவளுடைய பள்ளி டைரியில், எத்தனையோ இடத்தில் பார்த்த அதே சாய்ந்த எழுத்து.

"பாப்பம்மாளுக்கு. நீ மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாக ஊரிலும் வீட்டிலும் சொல்லிவிட்டேன். பதினாறாம் நாள் காரியமும் செய்து முடித்தாகிவிட்டது. அம்மாவும் அழுது ஓய்ந்துவிட்டாள். இனி நீ வந்தால் நான் பொய்யனாவேன். வராதே. எழுதாதே. கோதண்டம்."

தையல் கடைக்கு வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அப்பாவை யாரும் வற்புறுத்தவில்லை. ஊர் கூடித் தீர்ப்புச் சொல்லவில்லை. அவரே முடிவெடுத்து, பெற்ற தாயிடமே பொய் சொல்லி, அவளை அழவிட்டு, மொட்டை போட்டு, பந்தி வைத்திருக்கிறார். அம்மாவிடம் மட்டும் சொல்லவும் என்று வந்த கார்டை வாசித்துவிட்டு, துணியில் சுற்றி உள்ளே வைத்திருக்கிறார். காலையில் தெருவில் நின்று இந்த மனிதருக்காகத்தானே கத்தினேன் என்று நினைத்தபோது மதிவதனிக்குக் காதெல்லாம் எரிந்தது. அண்ணன் செய்தது அப்பா செய்ததன் மிச்சம்தான். அதற்காக அவன்மேல் கோபம் குறையவில்லை. கூடியது.

"அக்கா, இதை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோ. உங்க ஆளுங்க எல்லாருக்கும் அனுப்பு. அந்தக் கையெழுத்தை எல்லாரும் பாக்கட்டும். ஆனா இது இங்கேர்ந்து போகாது." டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இதுவும் போகாது."

மதிவதனிக்கு ஒரு கணம் கை நீண்டது. பிறகு இறங்கியது. "ஈரம் படாம வைங்கக்கா. பிளாஸ்டிக் வேணாம். ஸ்கேன் பண்ண ஏழு கார்டையும் பெரிசா பிரிண்ட் போட்டுக் கொண்டாறேன்."

"கொண்டா," என்றாள் ஷெர்லின். மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே மதிவதனி வம்சாவளியை எழுதி முடித்தாள். கும்பாபிஷேகக் குழு அதைப் போடாது என்று அவளுக்குத் தெரியும், அதனால் அறுபத்திரண்டு பேர் இருக்கும் பங்காளிகள் வாட்ஸப் குரூப்பில் போட்டாள். கோதண்டத்துக்குப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'தங்கை பாப்பம்மாள், 1951 - 2009. கணவர் பாக்கியநாதன். மகள் ஷெர்லின். 1971-ல் இறந்ததாகப் பொய் சொல்லிக் காரியம் செய்தவர், அண்ணன் கோதண்டம்.' கீழே கடிதத்தின் போட்டோ.

பத்து நிமிடத்தில் எழிலரசன் மாடிக்கு வந்து கதவை உதைத்தான். செத்த மனுஷனைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாள் என்றான். அழிக்கச் சொன்னான். "நீ கொளுத்தினதைத் திருப்பிக் குடு, அழிக்கிறேன்," என்றாள் அவள். இந்த வீட்டில் இனி உனக்கு இடமில்லை என்றான். மாடி தன் பேரில் இருப்பதை நினைவுபடுத்தினாள். அவன் இறங்கிப் போனான். குரூப்பிலிருந்து ஒன்பது பேர் வெளியேறினார்கள். ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். மற்றவர்கள் பொங்கல் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஏழரை மணிக்குச் சிங்கப்பெருமாள் கோவில் ஊரிலிருந்து மீனம்மாள் கூப்பிட்டாள். அப்பாவின் சித்தப்பா மகள். எழுபத்துநான்கு வயது. பேரன் படித்துக் காட்டியிருக்கிறான்.

"இன்னாடி போட்டுக்கீற? நெஜமா அது?"

"நெஜம் அத்தை. லெட்டரை என் கையால புடிச்சுப் படிச்சேன்."

மீனம்மாள் கோதண்டத்தைத் திட்ட ஆரம்பித்தாள். மதிவதனி அதுவரை ஒரு பெண் வாயில் கேட்டிராத வசவுகள். தடுக்கத் தோன்றவில்லை.

"அவளும் நானும் ஒரே வயசுடி. ஒண்ணா நாத்து நட்டோம். பதினாறாம் நாளு எனக்கு எலை போட்டு, வடை பாயசத்தோட அவனே பரிமாறினான். 'தின்னு மீனா, அவளுக்குப் புடிச்சது'ன்னான். அழுதுகினே தின்னேன்டி. அவ மண்ணூர்ல உக்காந்துகினு இருந்திருக்கா, இங்க நான் அவ கருமாதி சோத்தைத் தின்னுக்கீறேன்." இருமல் வந்து நின்றது. "எங்க பொதைச்சிக்கிறாங்க அவளை?"

"மண்ணூர் கல்லறைத் தோட்டத்துல இருக்கும் அத்தை. ஷெர்லினைக் கேக்கணும். அவங்க நம்மளை வுடுவாங்களான்னு தெரியல. ரொம்பக் கோவமா இருக்காங்க."

"இருக்கட்டும். திட்டட்டும். செருப்பால அடிச்சாலும் அடிக்கட்டும். நாளானிக்கு என்னை வந்து கூட்டிக்கினு போ."